ஆறாம் வகுப்புக்கு ஒரு கூரை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஆறாம் வகுப்பு வருமா, வராதா என்பது ஒரு வருஷம் ஒரே ஒரு கையெழுத்தில் நின்றது. கையெழுத்துப் போட வேண்டியவர் என் அப்பா. அதைக் கேட்டு நின்றவர் அவருடைய கூடப்பிறந்த அக்கா, என் அத்தை. இரண்டு பேருமே நியாயக்காரர்கள் என்று ஊர் சொல்லும். அதனால்தானோ என்னவோ, சண்டை அத்தனை நாள் நீடித்தது.

பேரையூருக்குத் தெற்கே, பருத்தியும் சோளமும் விளைகிற மானாவாரிக் காட்டுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஊர். அத்தை அங்கே தலைமை ஆசிரியை. அப்பா யூனியன் ஆபீசில் ஓவர்சியர். சுற்றுப்பட்டுப் பள்ளிக்கூடக் கட்டடங்களைப் பார்த்து, பிள்ளைகள் உட்காரத் தகுந்தவைதானா என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. சின்னச் சுத்தியலால் சுவரைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். வீட்டுக்குப் பூசணிக்காய் வாங்கினாலும் அதே மாதிரி தட்டிப் பார்ப்பார் என்று அம்மா கேலி செய்வார்.

பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. அதற்குமேல் படிக்க நான்கு மைல் நடக்க வேண்டும். பையன்கள் போவார்கள். பெண் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை. அத்தை விடாமல் மனு எழுதி, ஆறாம் வகுப்புக்கு அனுமதி கிடைக்கும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். ஊர்க்காரர்களைத் திரட்டி மண்சுவர் எழுப்பி, பனையோலை வேய்ந்து, நீளமான கொட்டகை ஒன்றும் கட்டி, இருக்கிற வகுப்புகளையும் அதிலேயே உட்கார வைத்தாயிற்று. கட்டடச் சான்று மட்டும்தான் பாக்கி. தம்பிதானே தர வேண்டும் என்று அத்தை நிம்மதியாக இருந்தார்.

அப்பா வந்தார். சுவரைத் தட்டினார், தலையை ஆட்டினார். பிறகு கொட்டகையின் பின்பக்கம் போனவர் வெகுநேரம் அங்கேயே நின்றார். சத்துணவு வந்த புதுசு அது. சமையலுக்கென்று தனி இடம் இல்லாததால், கொட்டகையின் பின்சுவரை ஒட்டியே ஒரு சாய்ப்பு இறக்கி அடுப்புப் போட்டிருந்தார்கள். விறகுத் தீ ஓலை விளிம்புக்கு இரண்டு முழம் கீழே எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை எங்கள் வீட்டில்தான் பேச்சு நடந்தது. நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஒரு கையெழுத்துதானே தம்பி" என்றார் அத்தை.

"மேல ஓலை, அக்கா. பின்னால அடுப்பு. அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் வாசல் ஒண்ணே ஒண்ணு. நான் எப்படிப் போடுவேன்?"

"அடுப்பைத் தள்ளிப் போடச் சொல்றேன்."

"தள்ளிப் போட்டாலும் ஓலை ஓலைதானக்கா. ஆடிக் காத்துல ஒரு பொறி பறந்தாப் போதும்."

அத்தை எழுந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "நீ போடலைன்னா அந்தப் பிள்ளைக அடுத்த வருசம் பருத்திக் காட்டுலதான் நிக்கும். அங்க பாம்பு இருக்கு, வெயில் இருக்கு. அதுக்கு யாரு சான்று குடுக்குறா?"

அத்தை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை.

எனக்குத்தான் சங்கடம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பக்கத்தில் உட்காரும் பாண்டியம்மாளும் நானும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுகிறவர்கள். அவளைப் போல ஏழெட்டுப் பெண்கள் ஆறாம் வகுப்பை நம்பி இருந்தார்கள். என்னை மட்டும், வகுப்பு வந்தாலும் வராவிட்டாலும், மதுரையில் காளவாசல் பக்கம் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைப்பதாக ஏற்பாடு. பாண்டியம்மாளுக்கு அது தெரியும். "ஒனக்கென்ன, பஸ் ஏறிப் போயிருவ" என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் அப்பா ஒரு காரியம் செய்தார். தினமும் மத்தியானம், அடுப்பு மூட்டுகிற நேரத்துக்கு, சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுவார். இரண்டு வாளியில் தண்ணீரும், நனைத்த சாக்கும் வைத்துக்கொண்டு, சாய்ப்புக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். சாதம் வடித்து, தீயைத் தண்ணீர் விட்டு அணைத்த பிறகுதான் எழுந்திருப்பார். வேறு ஊருக்கு வேலையாகப் போகிற நாளில் கிராமத் தலையாரியை உட்கார வைத்துவிட்டுப் போவார். அத்தை வகுப்பு ஜன்னல் வழியாக இதைப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு பிள்ளையிடம் மோர் மட்டும் கொடுத்தனுப்புவார்.

சத்துணவுக்காகத்தான் ஓவர்சியர் வருகிறார் என்று பையன்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து, இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வராதீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். கையெழுத்துதான் போடவில்லையே, பிறகு எதற்கு வந்து உட்கார வேண்டும் என்றும் கேட்டேன்.

"நான் கையெழுத்துப் போடலைங்கிறதுக்காகப் பிள்ளைக கூரைக்கு வெளிய போய் உக்காந்துருச்சாம்மா?" என்றார்.

எனக்கு அது பதிலாகவே படவில்லை. மறுநாளும் அவர் வந்தார். இத்தனைக்கும், கடைசிவரை அந்தக் கூரையில் ஒரு பொறிகூட விழவில்லை.

சாயங்காலங்களில் அவர் வேறொரு வேலையாக அலைந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யூனியன் கிடங்குக்குக் கூரை ஷீட்டுகள் வருவதாக இருந்தன. அவற்றில் ஒரு பங்கை எங்கள் பள்ளிக்கு ஒதுக்கச் சொல்லி மேலதிகாரி அறை வாசலில் நாள்கணக்கில் நின்றிருக்கிறார். மனுவுக்குக் கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில், லாரி ஊருக்குள் வந்தது. சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள். ஊரே கூடித் தொட்டுப் பார்த்தது. தீப்பிடிக்காது, கறையான் அரிக்காது, மழைக்கு ஒழுகாது என்று அப்பா ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

ஓலையைப் பிரித்து இறக்கினார்கள். ஷீட் மாட்டுவதற்கென்று அப்பா அழைத்து வந்திருந்த ஆள் ஒருவர், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, விளிம்புகளைக் கைரம்பத்தால் அறுத்தார். ரம்பம் போய் வரும்போதெல்லாம் வெள்ளைப் பொடி புகையாக எழுந்தது. மேலேயிருந்து ஏதாவது விழுந்துவிடும் என்று அப்பா எங்களைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினார். கயிற்றுக்கு இந்தப் பக்கம் பொடி தாராளமாக வந்தது. நாங்கள் அதைக் கையில் அள்ளி முகத்தில் பூசிக்கொண்டோம். பவுடர் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை, பொண்ணு விளையாட்டு. பாண்டியம்மாள்தான் பொண்ணு.

வேலை முடிகிற நேரத்தில் அப்பா ஏணியிலிருந்து இறங்கினார். தலைமுடி, புருவம், சட்டை எல்லாம் வெளுத்திருந்தன. அத்தை நேராக அவரிடம் போனார். முந்தானையை எடுத்து, சின்னப் பையனுக்குச் செய்வதுபோல, அவர் தலையையும் தோளையும் தட்டிவிட்டார்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

அப்பா திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டார். ஆறாம் வகுப்பு வந்தது; அடுத்தடுத்த வருஷங்களில் ஏழும் எட்டும் வந்தன. நான் மதுரைக்குப் போனேன். பாண்டியம்மாள் அந்தக் கூரைக்கு அடியிலேயே எட்டாவது வரை படித்தாள். பிறகு நர்சு வேலைக்குப் படித்து, திருமங்கலத்தில் வெகுநாள் வேலை பார்த்தாள். கோடையில் கூரை தோசைக்கல் மாதிரி காயும், மழை பெய்தால் டீச்சர் பேசுவது கேட்காது என்று அங்கே படிக்கும்போது எனக்குக் கடிதம் எழுதுவாள். அந்தக் கூரை இல்லையென்றால் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாள் என்பதும் உண்மைதான்.

நானும் ஆசிரியையானேன். தலைமை ஆசிரியையாக இருந்தபோது, பள்ளிகளில் உள்ள பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளை அகற்றுவது பற்றி ஒரு சுற்றறிக்கை வந்தது. உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, தண்ணீர் தெளித்து நனைத்துத்தான் தொட வேண்டும், வேலை செய்பவர்கள் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது என்று இருந்தது. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருஷம் கழித்து நோயாக வரும் என்றும் எழுதியிருந்தது. அதைக் கொண்டுபோய் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண் பார்வை போய்விட்டதே தவிர, அவருக்கு வேறு குறையில்லை. அத்தையும் எண்பதைத் தாண்டி இருந்துவிட்டுத்தான் போனார்.

அப்பா இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "அன்னைக்கு ரம்பம் பிடிச்சாரே, அவரு பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் நினைவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ ஊர்க் கூரைகளுக்கு அந்த மனிதரைத்தான் அழைத்துப் போனதாகச் சொன்னார். எந்த ஊர்க்காரர் என்பதுகூட இருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். அன்று அத்தை ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்து, அவருக்குக் கொண்டுபோகச் சொன்னார். அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து இருமிக்கொண்டிருந்தார். நான் செம்பை நீட்டியபடி காத்திருந்தேன். அண்ணாந்து முழுதும் குடித்தார்.

"தூசிதான் பாப்பா. தண்ணி உள்ள போனா எல்லாம் கரைஞ்சிரும்" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவருக்கு உடம்பு சரியாவதற்கு நானும் உதவிவிட்டேன் என்று நினைத்தேன். காலிச் செம்பை அத்தையிடம் கொடுத்துவிட்டு, கல்யாண விளையாட்டுக்கு ஓடினேன்.