அன்வர் கேட்ட பாட்டு

எங்கள் வியாசர்பாடி குடியிருப்பில் எல்லார் வீட்டிலும் கானாவும் சினிமாப் பாட்டும்தான் ஓடும். கிட்டார் அலறும் வெளிநாட்டு ராக் குழுக்களைக் கேட்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் டீக்கடையில் என் சட்டையிலிருந்த குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு, "மாமு, நீயும் இவனுங்க ஆளா?" என்று கேட்டான் அன்வர். அன்றிலிருந்து ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு திரிந்தோம்.

அன்வருக்குத் திருவொற்றியூர் பட்டறை ஒன்றில் இரும்புத் தகடு அடிக்கும் வேலை. சில வருடங்களில் காது மந்தமானது. போனது திரும்பாது, மெஷின் வைத்தாலும் பெரிய பலன் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வேற எது கேக்கலனாலும் பாட்டு கேக்குது மாமு" என்பான் அன்வர்.

போன வருடம் எங்களுக்குப் பிடித்த குழுவின் புதுப் பாட்டு வந்ததும், தண்டையார்பேட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்கு ஓடினேன். பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தத்தை முழுதாக வைத்தேன். அவன் கண்ணை மூடித் தலையை வேகவேகமாக ஆட்டினான். தொடையில் தாளம் போட்டான். அது தாளமே இல்லாத பாட்டு. பியானோவும் மெல்லிய ஒரு குரலும் மட்டும்தான்.

ஹெட்போனைக் கழற்றியதும் கத்தினான். "செம மாமு! ட்ரம்ஸ கேட்டியா? பின்னிட்டானுங்கோ!"

"ஆமாண்டா" என்று தலையாட்டினேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், குரலை இறக்கிக் கேட்டான். "ட்ரம்ஸு இருந்துச்சில்ல?"

மறுபடியும் தலையாட்டினேன். அவன் நம்பவில்லை.

பிடித்த பாட்டை நண்பனிடம் நீட்டுவது சந்தோஷமான காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்போது புதுப் பாட்டு வந்தால் நான் தனியாகத்தான் கேட்கிறேன். என்ன வந்திருக்கிறது என்று அன்வரும் கேட்பதில்லை.