அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

தையல்காரிக்குக் கவிதை வந்தது திரைச்சீலை வழியாக. நூலகத்து மாடி அறைக்குத் தைத்த சீலைகளை மாட்ட ஒரு சனிக்கிழமை மாலை போயிருந்தாள். நாற்காலி மேல் நின்று வளையம் கோத்துக்கொண்டிருக்கும்போதே அறை நடுவில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து கவிதை படிக்கத் தொடங்கிவிட்டார்கள். இறங்கினால் இடைஞ்சல். நின்றபடியே கேட்டாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி வீடு வரை கூடவே வந்தது.

அடுத்த சனிக்கிழமை வேலை எதுவும் இல்லாமலே போனாள். எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவள். இருபது வருஷமாக அவள் எழுதியதெல்லாம் அளவு நோட்டில் பெயரும் எண்ணும்தான். வரியை ஏன் நடுவில் முறித்துக் கீழே போடுகிறார்கள் என்பது வெகுநாள் விளங்கவில்லை. ஒருநாள் துணியை மேசையில் விரித்துக் கத்தரியைத் தூக்கியபோது சட்டென்று பிடிபட்டது. எங்கே வெட்டினால் துணி நன்றாக விழுமோ அங்கே வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

எழுதத்தான் வரவில்லை. முதல் கவிதையில் நிலா; இரண்டாவதில் நிலாவும் ரோஜாவும். படித்து முடித்ததும் எல்லோரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. நூலகர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். வாசல் வரை கூடவே வந்து சொன்னாள்:

“அக்கா, நிலா அது பாட்டுக்கு இருக்கட்டும். உங்க கைக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கும்ல, அதை எழுதிட்டு வாங்க.”

வீட்டில் லாரி ஓட்டும் கணவர், “என்ன கவிஞரே, என் சட்டைப் பொத்தான் எப்ப அச்சுல வரும்?” என்று கேட்டார். அவள் காதில் விழவே இல்லை.

கைக்கு மட்டும் தெரிந்தது கணக்கு டீச்சரின் இடுப்பு.

கடைக்கு எதிர்ச்சாரிப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஐந்து மாதமாக, மத்தியான இடைவேளையில், பையில் நாலு உடுப்போடு வருவார். “சைடுல பிடிச்சுக் குடும்மா. தொளதொளன்னு இருந்தா கேள்வி கேப்பாங்க. பரீட்சை முடியற வரைக்கும் என் வியாதி ஒருத்தருக்கும் தெரிய வேணாம். தெரிஞ்சா வீட்ல உக்கார வச்சுடுவாங்க.”

“நான் யார்கிட்ட டீச்சர் சொல்லப் போறேன்? என் வாயில எப்பவும் குண்டூசி,” என்று தையல்காரி சிரித்திருந்தாள்.

வாயால் அவள் சொல்லவில்லைதான். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்.

மாதம் ஒரு விரல் அளவு
உள்ளே தள்ளித் தைக்கிறேன்.
முப்பத்தொன்று
இருபத்தொன்பது
இருபத்தேழு.
இடது தோள் மட்டும்
அன்று போலவே ஒரு விரல் தாழ்வு.
நோய்க்கு இன்னும்
அந்த இடம் தெரியாது.

பெயர் போடவில்லை. பெயர் இல்லாவிட்டால் யாருக்கு என்ன தெரியப்போகிறது?

இந்த முறை யாரும் தரையைப் பார்க்கவில்லை. கை தட்டினார்கள். நூலகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கீழே போர்டுல போடட்டுமாக்கா?” என்றாள். கேள்வி முடியும் முன்பே தையல்காரி தலையாட்டிவிட்டாள். அழகான கையெழுத்தில் ஒரு பிரதி எழுதிக் கொடுத்தாள். அடியில் தன் பெயர், அதற்கும் அடியில் ‘தையல் கடை’.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக் கிளார்க் பெண் சுடிதார் வாங்க வந்தாள். “அக்கா, உங்க கவிதையைப் படிச்சேன்! நான் மட்டுமா, ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் படிச்சாச்சு.”

தையல்காரிக்கு உச்சி குளிர்ந்தது. “நல்லாருந்துச்சா?” என்றாள்.

“அழுதுட்டேன்கா. நம்ம கணக்கு டீச்சர்தானே அது? எப்பவும் இடது பக்கம்தானே அவங்களுக்குப் பை நழுவும்! பாவம், இத்தனை மாசம் எங்க யாருக்குமே தெரியாது பாருங்க.”

அந்த ‘நல்லாருந்துச்சா’வைத்தான் பிற்பாடு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஸ்டாஃப் ரூம் என்றதும் டீச்சர் நினைவு வரவில்லை; முதலில் அவள் கேட்டது அது.

கடையைப் பூட்டக்கூட இல்லை. ஓடிப் போய் போர்டிலிருந்து தாளைப் பிடுங்கினாள். நூலகர் பதறிப்போய், “அக்கா, போன்லயும் சுத்திக்கிட்டு இருக்கே, அதை எப்படிப் பிடுங்குவீங்க?” என்றாள். தாளை நாலாக, எட்டாக மடித்து உள்ளங்கையில் அமுக்கியபடி தெரு முழுக்கத் தலை குனிந்தே நடந்தாள். பள்ளிக்கூட வாசல் வந்தபோது எதிர்ப்பக்கம் மாறிக்கொண்டாள்.

டீச்சர் வெள்ளிக்கிழமை வந்தார். இடைவேளை நேரமல்ல, காலை பதினோரு மணி. அதிலேயே விஷயம் விளங்கிவிட்டது.

“லீவு குடுத்துட்டாங்க,” என்றார், ஸ்டூலில் உட்கார்ந்து. “அது கூடப் பரவால்ல. புதன்கிழமை கிளாசுக்குப் போறேன், நாப்பது பேரும் கைகட்டி உக்காந்திருக்குதுங்க. ஒருத்தன் பின்னாடி திரும்பல. பேப்பர் ராக்கெட் இல்ல. அந்தக் கடைசி பெஞ்சு வானரம் எழுந்து எனக்கு நாற்காலி இழுத்துப் போடுறான். அதுக்கு மேல நான் எப்படி அவனைத் திட்டறது? திட்டாம எப்படிக் கணக்கு சொல்லித் தர்றது?”

“டீச்சர், நான் பேரு…”

“பேரு எதுக்கு? அதான் தோள் போட்டுட்டியே.” பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். “மூணு தடவை படிச்சேன். நல்லா எழுதியிருக்க. கடைசி வரி ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா வியாதிக்கே தெரியாத இடத்தை ஊருக்குக் காட்டிட்டியேம்மா.”

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். நன்றாக எழுதியிருக்கிறாய் என்ற சொல்லுக்கு எப்படி அழுவது?

“மன்னிச்சிருங்க டீச்சர்.”

“ம்.” மன்னித்தேன் என்று சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்தார். “ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டுப் போகணும். அளவெடு. அந்த நோட்டை மூடி வை.”

தையல்காரி நோட்டை மூடி அலமாரிக்குள் தள்ளினாள். டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். வழக்கமாக அளவை உரக்கச் சொல்லித்தான் எழுதுவாள்; இன்று உதட்டை மடித்துக்கொண்டாள். மார்பு, இடுப்பு, தோள். டீச்சர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் போனதும் உடனே மெஷினில் உட்கார்ந்தாள், தாமதித்தால் மறந்துவிடும். மூன்று எண்களையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே தைத்தாள். சொல்லச் சொல்ல அவை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போய் நின்றன. இருபத்தாறை எங்கே முறித்துப் போடலாம் என்று ஏதோ ஒன்று உள்ளே கத்தரியைத் தூக்கியது.

சீ, என்று வாய்விட்டுச் சொன்னாள். வேறெதுவும் கேட்காதபடி மெஷினை ஓங்கி மிதித்தாள்.