டொரோட்டா இல்லாத பெயர்நாள்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டிய ஒரே நாளில் ஒருவர் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயில் ஏறவேண்டும்? டொரோட்டாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வரும். இருபது வருடத்துக்கு மேல் ஒரே அறையில், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தோம். கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

ராதோம் நகரத் தண்ணீர் அலுவலகத்தில் அவர் மீட்டர் பார்ப்பவர். காலையில் நாற்பது வீடுகள் ஏறி இறங்குவார். மதியம் அலுவலகம் வந்து எண்களைப் பதிவேட்டில் ஏற்றுவார். அவர் போகாத சமையலறை எங்கள் ஊரில் குறைவு. குழாயடியில் குனிந்து எண்ணைக் குறித்து நிமிர்வதற்குள் யாராவது தேநீரை நீட்டுவார்கள், மருமகளைப் பற்றிச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வார். ஒன்றையும் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். மனிதர்களைப் பிடிக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. அதிகம் சிரிப்பவர் என்றும் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புனிதரின் பெயர் இருக்கும். அந்தப் பெயர் உள்ளவர் அன்றைக்கு வீட்டில் இருப்பார். மேசையில் ஏதாவது இருக்கும். தெரிந்தவர்கள் பூவோடு வருவார்கள். வரலாமா என்று கேட்பதும் தப்பு, வாருங்கள் என்று கூப்பிடுவதும் தப்பு. டொரோட்டாவின் நாள் பிப்ரவரி ஆறு. 1996இல் அந்த வாரம் அவர் விடுப்பில் இருந்தார். கேக் சுடுவதற்காக என்று நினைத்துக்கொண்டோம். அலுவலகம் முடிந்து ஒன்பது பேர், ஆளுக்கு ஐந்து துலிப் பூக்களோடு மூன்று மாடி ஏறினோம். படியிலேயே லுட்சினாவும் சேர்ந்துகொண்டார். டொரோட்டாவின் கணவர் ஜெனானுடைய தங்கை அவர்.

கதவைத் திறந்தது ஜெனான். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பனியனோடு, கையில் ஸ்பேனரோடு நின்றார். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் பிரித்துப் போடப்பட்டிருந்தது.

"அவ இல்லியே," என்றார்.

"எங்க, கடைக்கா?"

"கிராக்கோவுக்கு."

லுட்சினா சிலுவை போட்டுக்கொண்டார். "ஐயோ, யாருண்ணே செத்துட்டாங்க?"

"யாரும் சாகலை. ஊர் பாக்கப் போயிருக்கா. அஞ்சு நாள்."

"பிப்ரவரியிலயா? தனியாவா?"

"ரெண்டும்தான்."

கோட்டில் உருகிய பனி படிக்கட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. பெயருக்கு உரியவள் ஊரில் இல்லாவிட்டால் விருந்தாளிகளும் வரமாட்டார்கள் என்று அவர் நம்பியிருக்கிறார். டொரோட்டாவாலும் எங்களிடம் வராதீர்கள் என்று சொல்லியிருக்க முடியாது. அப்படிச் சொன்னால் நாங்கள் வருவோம் என்று எதிர்பார்த்ததாக ஆகிவிடும். ஆக யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பதினோரு பேர் நின்றுகொண்டே ரொட்டியும் தொத்திறைச்சியும் சாப்பிட்டோம். பூக்களை ஜெனான் வாளியில் வைத்தார்.

அடுத்த வருடமும் டொரோட்டா போனார். இந்த முறை ஜெனான் ஹெர்ரிங் மீனில் வெங்காயம் போட்டு ஊறவைத்திருந்தார். மூன்றாம் வருடம் அவரே பாலாடைக்கட்டி கேக் சுட்டார். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஐந்தாவது வருடத்தில் பள்ளம் இல்லை. அதன்பின் டொரோட்டா இல்லாத பெயர்நாளுக்கு, இருக்கிறவர்களின் பெயர்நாளைவிடக் கூட்டம் வந்தது. இல்லாதவர் நலத்துக்காகக் கோப்பையைத் தூக்குவது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

லுட்சினாவுக்கு மட்டும் பழகவில்லை. "அண்ணே, அங்க எவனோ ஒருத்தன் இருக்கான். நீ இங்க முட்டை அடிச்சுக்கிட்டு இரு."

"இருந்தா இருக்கட்டும். அவனுக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு."

சிரித்தோம். ஜெனானும் சிரித்தார். ஆனால் 2003 ஜனவரி கடைசியில், புது மீட்டர்களைப் பார்க்க அலுவலகம் என்னை கிராக்கோவுக்கு அனுப்புகிறது என்று தெரிந்ததும், பணிமனை உடுப்போடு எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்.

"தம்பி, நாலாம் தேதி அவ போயிடுவா. நீ ஆறாம் தேதிதானே போறே? இந்தக் கையுறையைக் குடுத்துடு. எப்பவும் மறந்துட்டுப் போவா."

"அவங்க கிளம்ப இன்னும் நாள் இருக்கே, நீங்களே ஞாபகப்படுத்தலாமே."

கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேவு பாக்கச் சொல்லலை. கண்ணுல பட்டா பாரு. அவ்ளோதான்."

தங்குமிடத்தின் முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். டொரோட்டா எதையும் ஒளித்ததில்லை. முகவரி, தொலைபேசி எண், திரும்பி வரும் ரயில் எல்லாம் ஒவ்வொரு வருடமும் சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும்.

அறை வாடகைக்கு விடும் அம்மாள், ஒரு மணிக்கு அவர் முனைக் கடையில் சாப்பிடுவார் என்றார். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டிய மலிவான சாப்பாட்டுக் கடை. கண்ணாடிகள் ஆவியில் மங்கியிருந்தன. டொரோட்டா மூலை மேசையில் பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தார். புத்தகம் இல்லை, செய்தித்தாள் இல்லை. எதிர் நாற்காலியில் அவருடைய கோட்டு மட்டும். அவர் தலை நிமிரும்வரை கதவருகே நின்றேன்.

"ஜெனான் அனுப்பினாரா?"

கையுறையை நீட்டினேன். அவர் தட்டருகே ஏற்கெனவே வேறொரு ஜோடி கிடந்தது.

"இதுல விரல் ஓட்டை. மறக்கலை, விட்டுட்டு வந்தேன்." கோட்டை எடுக்காமலே என்னைப் பார்த்தார். "சரி, பாத்தாச்சா?"

"பாத்தாச்சு, அக்கா."

"என்ன பாத்தே?"

"சூப் குடிச்சீங்க."

"அதையே போய்ச் சொல்லு."

"இங்க என்னதான் பண்றீங்க?"

கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "காலைல எழுந்து நடப்பேன். கால் மரத்துப்போனா ஏதாவது சர்ச்சுக்குள்ள போய் உக்காருவேன். கால்ல உணர்வு வந்ததும் மறுபடி நடப்பேன்."

"பிரார்த்தனை?"

"பண்றவங்க பண்ணுவாங்க. நான் உக்காந்திருப்பேன்."

"அவ்ளோதானா?"

"ஒரு கதவையும் தட்டவேணாம்ல."

இது காரணம்போலத்தான் இருந்தது. ஆனால் கதவைத் தட்டாமலிருக்க கிராக்கோவ்வரை போகவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போதும். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் எழுந்து கோட்டுக்குள் கை விட்டுக்கொண்டிருந்தார்.

"சேர்ந்து நடக்கலாம்னு மட்டும் சொல்லிடாதே," என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

வெளியே பனி கரிப்புகையில் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. சதுக்கத்துக் கோபுரத்தில் மணிக்கொருமுறை ஊதும் எக்காளம் ஊதியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் பார்க்கவில்லை. உப்பு தூவிய நடைபாதையின் ஓரமாக, மீட்டர் பார்க்கப் போகும்போது நடக்கிற அதே நடையில் போய் மறைந்தார்.

ஊர் திரும்பியதும் ஜெனானிடம் பார்த்ததைச் சொன்னேன்.

"தனியாவா?"

"தனியாத்தான்."

வெகுநேரம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். "அப்போ அது இன்னும் மோசம், தம்பி. ஒருத்தன் இருந்தா நாலு கேள்வியாவது கேக்கலாம்."

ஜெனான் 2012 இலையுதிர் காலத்தில் ஓய்வு பெற்றார். நவம்பரில் ஒருநாள் டொரோட்டா மேசையில் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவை ஜெனானும் வர்றாராம்."

இந்த ஐந்து நாள்தான் டொரோட்டாவுக்கென்று இருந்தது. மீதி முந்நூற்றறுபதைப் பற்றி அவர் ஒருபோதும் குறை சொன்னதில்லை.

"வேணாம்னு சொல்லிடுங்களேன்," என்றேன்.

"பதினேழு வருஷம் நான் இல்லாம என் விருந்தாளிங்களுக்குப் பரிமாறின மனுஷன். என்ன மூஞ்சியை வச்சிக்கிட்டு வேணாங்கிறது?"

"அப்போ கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிட்டுப் போனா அது வேற ஊரு."

ஆப்பிளை நான்காக நறுக்கி ஒரு துண்டை என் பக்கம் தள்ளினார். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் வேலையில் எந்தப் பிசகும் இல்லை. ஒரேயொருமுறை, போய்வந்த தெருவுக்கே மறுநாளும் மீட்டர் பார்க்கப் போய்விட்டார்.

ஜெனான் சிறுபிள்ளைபோல் ஆகியிருந்தார். புதுக் காலணி வாங்கினார். எங்கள் ஊரில் யாரும் செய்யாததையும் செய்தார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "ஆறாம் தேதி வீடு பூட்டியிருக்கும், சொல்லிட்டேன்," என்றார்.

"நாங்க வர்றதா யாரு சொன்னா?" என்று லுட்சினா வெடுக்கென்று கேட்டார். "பதினேழு வருஷத்துல ஒருநாளாவது வர்றோம்னு சொல்லிட்டு வந்தோமா?"

சொன்னதோடு சரி. ஆறாம் தேதி மாலை நானும் அவரும் அந்தக் கட்டட வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றோம். ஆளுக்கு ஐந்து பூ. கைப்பிடியில் செருகிவிட்டுப் போகலாம், அண்ணன் திரும்பி வந்து பார்க்கட்டும் என்றார் லுட்சினா. மூன்றாம் மாடியை நெருங்கும்போதே பாலாடைக்கட்டி வேகும் வாசனை வந்தது.

லுட்சினா தட்டினார். டொரோட்டா கதவைத் திறந்தார். முழங்கைவரை மாவு.

"அண்ணன் எங்க?"

"கிராக்கோவுல."

"நீ இங்க நிக்கிறே?"

"நாலாம் தேதி ஸ்டேஷனுக்குப் போனோம். பெட்டியை ஏத்திக் குடுத்தேன், அந்த அறைச் சாவியைக் குடுத்தேன். நான் ஏறலை."

"அண்ணனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பிளாட்பாரத்துலதான் தெரிஞ்சது."

"என்ன சொன்னாரு?"

"அடுப்பை அணைச்ச பிறகு ஒரு மணி நேரம் அடுப்புக் கதவைத் திறக்காதே, கேக்ல பள்ளம் விழும்னார். ரயில் கிளம்பிடுச்சு."

உள்ளே மேசையில் வெள்ளை விரிப்பு போட்டிருந்தது. தட்டுகள் அடுக்கியிருந்தன. சமையலறைத் தொட்டியில் ஒரேயொரு கோப்பை. சுவரில், எப்போதும் டொரோட்டாவின் முகவரி இருக்கும் இடத்தில், அதே முகவரி, அதே எண், திரும்பி வரும் ரயிலின் நேரம். கையெழுத்து மட்டும் ஜெனானுடையது; பூட்டப்போகும் வீடானாலும் வழக்கத்தை விடாமல் ஒட்டியிருக்கிறார்.

"ஒத்தையா அங்க போய் என்னம்மா பண்ணுவாரு அண்ணன்? குளிர்ல?" லுட்சினாவின் குரல் ஏறியது. "ஏன் இப்படிப் பண்ணே? சேர்ந்து போயிருக்கலாம், இல்லே ரெண்டு பேரும் போகாம இருந்திருக்கலாம். ஏன்?"

கீழே படிக்கட்டில் வேறு யாரோ பேசிக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது. டொரோட்டா எங்கள் கையிலிருந்த பூக்களை வாங்கி இடுக்கிக்கொண்டார். குனிந்து, விருந்தாளிகளுக்கான வீட்டுச் செருப்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார்.

"போட்டுக்கிட்டு வாங்க. தரை சில்லுன்னு இருக்கு."