வாசலுக்கு முதுகு காட்டாதவர்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவரை அடிக்கடி பார்ப்பேன். ஒரு காலத்தில் காட்டில் துப்பாக்கி தூக்கிய கூட்டத்தில் இருந்து, ஜெயிலுக்கும் போய் வந்தவர். இப்போது வெட்டுக்குத்து நடந்த ஊர்களில் இரு தரப்பையும் பேச வைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, ஓரிடத்தில் நிற்காத கண்கள். வாசலுக்கு முதுகு காட்டி மட்டும் உட்காரவே மாட்டார். வேறு இடம் இல்லையென்றால் நின்றபடியே டீ குடிப்பார்.

“இன்னும் பயமாங்க?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“பயம்னு இல்ல சார். நாங்க ஒரு வீட்டுக்குள்ள பூந்தப்போ, அந்த ஆளு வாசலுக்கு முதுக காட்டித்தான் சாப்ட்டுக்கினு இருந்தாரு.”



பிறகு கீழ்பென்னாத்தூர் பக்கம், நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஒரு சமாதானக் கூட்டம் வைத்தார். வெட்டுக்குத்தில் தம்பியைப் பறிகொடுத்த ஒருவன் உள்ளே வர மறுத்து வெளியிலிருந்து கத்தினான்.

“நீயே கொலைகாரன். நீ எங்களுக்கு ராஜி பேச வந்துட்டியா?”

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து, வாசலில் அவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை, கண்களை மூடிக்கொண்டார்.

அவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது அந்தச் சத்தத்தைத்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.