பன்னிரண்டு முழக் கயிற்றில் அகப்பட்டவர்

போன செவ்வாய்க்கிழமை இரும்புலியூரில் என் மானம் ஒரு சணல் கயிற்றில் தொங்கியது!

நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். ஆனால் தாம்பரத்திலிருந்து படப்பை வரை நான் கட்டிய வீடுகளில் ஒரு மூலை கோணல் என்று எவனாவது சொல்லியிருப்பானா?

சொன்னார் ஒருத்தர். அதுவும் காலேஜில் கணக்கு சொல்லித் தரும் புரொபசர்.

அவருக்குச் சாமி கிடையாது. நான் கட்டும் அவர் வீட்டின் பூமி பூஜைக்கே ஒதுங்கி நின்றவர். மனைவி ஆசையாகக் கேட்ட பூஜை ரூமைப் பிளானில் பேனாவால் அடித்தவர். “நிரூபிக்க முடியாததுக்கு எதுக்கு மேஸ்திரி தனி ரூம்?”

செவ்வாயன்று மனைவியோடு வந்தவர், என் துணி டேப்பை எடுத்துக் கடைக்கால் அஸ்திவார மூலையை அளந்தார். ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் எட்டடி. குறுக்கே பத்தடி வர வேண்டும். வரவில்லை.

“ஒரு இன்ச்சுக்கு மேல குறையுது. மூலை கோணல் மேஸ்திரி. இடிச்சுட்டுக் கட்டுங்க.”

இடிப்பதா? நானா? தெருவே வேடிக்கை பார்க்கிறது...

“இன்னா சார், டேப்பை நம்புறீங்க, என்னை நம்ப மாட்டீங்களா? இருங்க!”

கயிற்றை எடுத்தேன். என் கையால் பன்னிரண்டு முழம். முழத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினேன். மூலையில் ஒரு முடிச்சை அழுத்திப் பிடித்தேன். ஒரு சுவர் மேல் மூணு முழம் தள்ளி அவர் மனைவி. மறு சுவரில் நாலு முழம் தள்ளி அவர். மிச்ச அஞ்சு முழம் குறுக்கே. மூலை கோணல் என்றால் தொய்யும், இல்லை எட்டாது.

“இழுங்கம்மா!”

விறைத்தது பாருங்கள் — வீணைத் தந்தி மாதிரி!

“அப்ப டேப்பு?” என்றார் புரொபசர்.

“தலையில மூணு இன்ச் எப்பவோ அறுந்துபோச்சு சார். நாங்க ஒரு அடிக் கோட்டுலேர்ந்துதான் அளப்போம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!”

“இருபது வருஷமா கணக்கு சொல்லித் தர்றீங்க... டேப்போட முனையைப் பார்க்கத் தெரியலையா?” — அவர் மனைவி.

மனுஷர் கோபப்படவில்லை. கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க முழம் எவ்வளவு நீளம் மேஸ்திரி?”

“தெரியாது சார்.”

“தெரியவே வேண்டாம்! குழந்தை கையால அளந்தாலும் இதே மூலைதான். ஒரு முழம் கோடி மைல்னு வானத்துல வச்சாலும் இதே மூலைதான்.”

கண்ணை மூடினேன். ஒரு முடிச்சு நிலாவில்... ஒன்று ஏதோ நட்சத்திரத்தில்... ஒன்று என் கட்டைவிரலுக்கு அடியில். உடம்பு சிலிர்த்துவிட்டது.

“மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடியும் இப்டித்தானா சார்?”

“இப்படித்தான்.”

“யாருனா காசு குடுத்தா மாறுமா?”

“மாறாது.”

“இதைத்தான் சார் நான் இத்தினி வருஷமா கும்பிட்டுகினு கீறேன்!”

புரொபசர் பிளானை விரித்தார். ஹால் சுவரில் பேனாவால் ஒரு சின்ன மாடம் வரைந்தார்.

“எதுக்கு சார்?”

“அந்தக் கயிற்றை வைக்க.”

“பக்கத்துல விளக்கு நான் வைப்பேன்” என்றார் மனைவி. இந்தத் தடவை அவர் பேனாவால் அடிக்கவில்லை.

அஞ்சாம் கிளாஸ்காரன் ஒரு புரொபசர் வீட்டுக்குள் சாமியைக் கொண்டுவந்துவிட்டேன் — நிரூபித்துவிட்டுத்தான்!