மசூலா படகுப் பாட்டு

ராயபுரம் ஸ்டேஷன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் ஊரே அரக்கோணம் வண்டியில் ஏறிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அந்தோணியும் அவர் மனைவி மேரியும் இரண்டு தகரப் பெட்டிகளோடு என் பக்கத்தில் நிற்கிறார்கள்.

"குடும்பத்துக்கு ஒரு பெட்டிதான்" என்கிறார் கார்டு.

ஒன்றில் பாத்திரங்கள். மற்றதில் நோட்டுப் புத்தகங்கள். துறைமுகம் வருவதற்கு முன்பு, கப்பலில் வந்தவர்களை மசூலா படகில் கரைசேர்த்த படகோட்டிகளின் பாட்டுகள் அவை. எண்ணூர்வரை நடந்து, ஒவ்வொரு குப்பத்திலும் கேட்டு அந்தோணி எழுதியவை.

அவர் தயங்குகிறார். மேரி பாத்திரப் பெட்டியைக் கீழே வைத்துவிடுகிறார்.

"மண்சட்டில சோறு வேவாதா இன்னா? நோட்ட எடுத்துகினு ஏறுய்யா."

என்னிடம் ஒரு துணிப்பைதான். "இந்தப் பெட்டி என்னுடையது" என்று கார்டிடம் சொல்லி, பாத்திரங்களை நான் ஏற்றிக்கொள்கிறேன்.

வண்டி நகர்ந்ததும் அந்தோணி எனக்கு ஒரு பாட்டை வாசித்துக் காட்டுகிறார். பாதியிலேயே மேரி நிறுத்துகிறார்.

"தப்பா எழுதிக்கீற. மசூலா ஓட்டுன எங்க நைனா அலைய 'அலையே'ன்னு பாட மாட்டாரு. 'ஆத்தா'ன்னுதான் கூப்புடுவாரு."

அந்தோணி பென்சிலை எடுத்துத் திருத்துகிறார். எந்தப் பண்டிதர் சபையிலும் இவ்வளவு அக்கறையாகப் பாடம் திருத்தி நான் பார்த்ததில்லை.