விடியாத பத்து மணி

எனக்கு வந்த வரன்களிலேயே எனக்குப் பிடித்திருந்த ஒரே வரன் ஒரு கம்ப்யூட்டர் கடிகாரத்தால் தட்டிப்போனது. அந்தக் கடிகாரத்தைக் கெடுத்து வைத்தவள் நான்தான். நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் தூத்துக்குடிக்கு வேலைக்குப் போகிறவள் நான். கப்பல் ஏஜென்சி ஒன்றில் சரக்குக் காகிதங்கள் தயார் செய்யும் வேலை. அதை விட்டு நல்ல வேலைக்கு மாறலாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். விண்டோஸ் பெரியப்பாவுக்கு. அவர் ஜாதகம் பார்க்கிறவர். ஜோசிய சாஃப்ட்வேர் அதில்தான் இருந்தது.

ஆறு மாதமாக, ஆன் செய்தவுடனே திரை கறுத்து, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, எஃப்-1 விசையை அமுக்கு என்று நின்றது. வீட்டில் எல்லோரும் அமுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். கடைக்கார அண்ணாச்சி, "உள்ள இருக்க பொத்தான் பேட்டரி செத்துப்போச்சும்மா, மாத்துனா சரியாயிரும்" என்றார். மாற்றினேன். பிழை போயிற்று. லினக்ஸில் மணி சரியாக இருந்தது. விண்டோஸிலும் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. மடச்சி!

அதே வாரம் வரன் வந்தது. அவர் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறவர். பெண் பார்க்க வந்த இடத்தில் பாடத் தெரியுமா என்று கேட்காமல், "ஆபீஸ்ல சாயந்திரம் எத்தனை மணிக்கு விடுவா?" என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஜாதகமும் பொருந்தியது. இருந்தாலும் பெரியப்பாவுக்குப் பிரசன்னம் பார்க்காமல் மனசு கேட்காது. கேள்வி கேட்ட நொடியில் கிரகங்கள் எங்கே நிற்கின்றனவோ, அதை வைத்துப் பலன் சொல்வது. முன்பெல்லாம் பஞ்சாங்கத்தை விரித்துக் கையால் கணக்குப் போடுவார். இப்போது ஒரு பொத்தான். நான் ஆபீஸில் இருந்தபோது, காலை பத்து மணிக்கு அம்மா கேட்டாள், அவர் அமுக்கினார். வேண்டாம் என்று வந்தது. மத்தியானமே அவர்கள் வீட்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறு வாரம் அந்தப் பிரசன்னத்தை அச்செடுத்த தாள் கையில் கிடைத்தது. நேரம், விடியற்காலை நாலரை. சரியாக ஐந்தரை மணி நேரம் குறைவு. அப்போதுதான் உறைத்தது. லினக்ஸ், பொத்தான் பேட்டரியில் ஓடும் உள்கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். என் செல்போன் இல்லாவிட்டால் வீட்டில் நெட் கிடையாது. விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. லினக்ஸையும் ஊர் நேரத்தையே எழுத வைத்தேன். ஒரு நிமிஷ வேலை.

தாளைப் பெரியப்பா முன்னால் வீசினேன். "பத்து மணிக்கு வெளியில வெயில் கொளுத்தறது, இதுல சூரியனே இன்னும் உதிக்கலை. நாப்பது வருஷமா பாக்கறேளே, இதுகூடவா கண்ணுல படலை?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைய பத்து மணியைக் கொடுத்து மறுபடி போட வைத்தேன். அனுகூலம் என்று வந்தது.

"மெஷின் அந்த நேரத்தைக் காட்டினதும் பெருமாள் சித்தம்தாண்டி" என்றார்.

அட ராமா! பேட்டரியை மாற்றியது நான். இதில் பெருமாள் எங்கே வந்தார்?

அம்மா பயந்துகொண்டே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் செய்தாள். அவருக்கு முந்தின நாள்தான் வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். அத்தனையும் ஆத்திரம்.

போன மாதம் இன்னொரு வரன். சொந்த வீடு, என்னைவிடப் பதின்மூன்று வயது பெரியவர், கல்யாணமானதும் நான் வேலையை விட வேண்டுமாம். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. பெரியப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஞாபகமாக, "மணி சரியா இருக்கா பாருடி" என்றார்.

"உங்களுக்கு எந்த மணி வேணும்? சொல்லுங்கோ, வெச்சுத் தரேன்."

"வாயை மூடு" என்றாள் அம்மா.

பெரியப்பா கம்ப்யூட்டரை அணைத்தார்.

"நோக்கு இவரைப் பிடிச்சிருக்கா?"

"இல்லை" என்றேன். "அன்னிக்குக் கேட்டிருந்தேள்னா, பிடிச்சிருக்குன்னு சொல்லியிருப்பேன்."